நாசிக்கில் எங்களுக்குச் சமையலறை வேண்டாம்

குற்றாலத்தில் சாரல் தொடங்கியதும் தென்காசிக்காரர்களுக்குச் சொந்தக்காரர்கள் பெருகிவிடுவார்கள். கல்யாணப் பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறவர்கள்கூட ஆனி பிறந்தால் போன் போட்டு, அருவியில் தண்ணீர் எப்படி என்று விசாரிப்பார்கள். எங்கள் வீட்டுக்கு அந்தப் போன் என் கொழுந்தனிடமிருந்து வரும். என் வீட்டுக்காரரின் ஒரே தம்பி. சென்னையில் கட்டடங்களுக்கு லிஃப்ட் மாட்டிக் கொடுக்கிற தொழில். நேரில் பார்த்தால் 'வாங்க தம்பி' என்றுதான் கூப்பிடுவேன். எழுத உட்கார்ந்தால் அந்த மரியாதை வர மாட்டேன் என்கிறது. அவன் என்றே எழுதுகிறேன்.

அவன் தனியாக வருவதில்லை. கூட்டாளிகளைக் காரில் அடைத்துக்கொண்டு வருவான். காலையில் இட்லி தின்றுவிட்டு ஐந்தருவிக்குப் போவார்கள். எண்ணெய் தேய்த்து, அடித்துப் பிடித்துவிடச் சொல்லி, கண் சிவக்கக் குளித்துவிட்டுக் கொலைப் பசியோடு திரும்புவார்கள். அதற்குள் கறிக்குழம்பும் மீன் வறுவலும் ஆகியிருக்க வேண்டும். சாயங்காலம் மொட்டை மாடியில் பாயை விரித்துப் பாட்டிலைத் திறப்பார்கள். மற்ற நாளெல்லாம் ஒரு சொட்டுத் தொடாத என் வீட்டுக்காரரும் அப்போது தம்பி பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவார். "மதினி, ஈரல் இருக்கா?", "மதினி, கொஞ்சம் வெங்காயம்", "மதினி, ஐஸ் தீந்துபோச்சு" என்று மேலேயிருந்து குரல் வந்துகொண்டே இருக்கும். மாடிப்படி ஏறி இறங்கி என் முழங்கால் இரண்டும் வீங்கும்.

அவர்கள் போன பிறகு பாட்டில்களைப் பொறுக்கிச் சாக்கில் கட்டுவதும் நான்தான். பழைய சாமான் எடுக்கிறவர் சாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இந்த வருஷம் சீசன் நல்லாருந்துச்சு போலுக்கே ஆச்சி" என்பார். கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே வந்துவிடுவேன். எங்கெங்கோ இருந்தெல்லாம் ஆட்கள் வந்து குளிக்கிற அருவிக்குக் கூப்பிடு தூரத்தில் குடியிருந்துகொண்டு, சீசன் நேரத்தில் அந்தத் தண்ணீரில் தலையை நனைத்துப் பல வருஷமாகிவிட்டது எனக்கு.

என் சிநேகிதி செங்கோட்டைக்காரி. ஒரே அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேஜை எங்களுக்கு. அவள் கணவர் இறந்து வெகுநாளாகிறது, மகன் வெளிநாட்டில் இருக்கிறான். கிறிஸ்துமஸுக்கு அவள் வீட்டில் ஒயின் போடுவாள். பன்னீர் திராட்சையைக் காம்பு நீக்கி நசுக்கி, சர்க்கரையும் பட்டையும் கிராம்பும் ஒரு பிடி கோதுமையும் சேர்த்து, பீங்கான் ஜாடியில் போட்டு வாயைத் துணியால் கட்டிவைப்பாள். ஜாடியை அவள் பரணி என்பாள். அந்தப் பக்கத்தில் பாதிப் பேச்சு மலையாளம்தானே. கேக்கோடு ஒரு சின்னக் கிளாஸில் ஊற்றி என் கையில் தருவாள். இனிப்பும் துவர்ப்புமாகத் தொண்டையில் இறங்கி நெஞ்சுக்குள் மெல்லச் சூடு பரவும். அந்த ஒரு கிளாஸுக்காக நான் வருஷம் முழுக்கக் காத்திருப்பேன். வீட்டில் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

அவள் எனக்கு முந்தின வருஷம் ஓய்வு பெற்றாள். நான் போன வருஷக் கோடையில். மாலை போட்டு, சால்வை போர்த்தி, வீடு வரை வேனில் கொண்டுவந்து விட்டார்கள். மறுநாள் காலையில் வழக்கம்போல எழுந்து காபி போடும்போதுதான் உறைத்தது. ஓய்வு கொடுத்தது அலுவலகம். அடுப்படி எனக்கு ஒரு ஓய்வும் கொடுக்கவில்லை.

அந்த வாரம் பண்பொழி மலைக்கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது அவள் வீட்டில் இறங்கினேன். அவள் டேப்லெட்டை என் முன்னால் தள்ளினாள்.

"இதப் பாருட்டி. நாசிக்ல திராட்சைத் தோட்டத்துக்குள்ளயே தங்குத மாதிரி கெட்டி வச்சிருக்கான்."

பார்த்தேன். மலைச்சரிவில் வரிசை வரிசையாகக் கொடி. நடுவில் ஒரு ஏரி. அறைக்குள் அகலமான கட்டில், அதற்கு அந்தப் பக்கம் கண்ணாடிச் சுவர், சுவரையொட்டி வெள்ளைக் குளியல் தொட்டி.

"தொட்டிய எங்கன கொண்டு வச்சிருக்கான் பாரு. வெளிய வேலை செய்யுத ஆளுக பாக்க மாட்டாங்களா?" என்றேன்.

"திரைய இழுத்துவிட்டுக்கிடலாம். நம்மள எவன் வந்து பாக்கப்போறான்?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நாம ரெண்டு பேரும் போவோமா?" என்று கேட்டாள்.

அதுவரை நான் போன பயணங்களெல்லாம் கல்யாணம், காதுகுத்து, சாவு விழுந்த துட்டி வீடு. கோயிலுக்குப் போனால்கூட ஒரு தூக்குவாளியில் புளியோதரையும் கூடவே வரும். எனக்கென்று ஓர் இடத்துக்குப் போனதே கிடையாது. "போவோம்" என்று சொல்லும்போது என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அதற்குப் பிறகு சில வாரங்கள் அந்தப் பயணத்தைத் திட்டமிடுவதே எங்களுக்கு வேலை. அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் சந்தோஷமாக இருக்கிறது. அங்கே அறுவடை தை, மாசி மாதங்களில். அப்போதுதான் கொடியில் குலை தொங்கும், திராட்சையைத் தொட்டியில் போட்டு மிதிக்க நம்மையும் விடுவார்கள் என்று போட்டிருந்தது. அந்தச் சமயத்து அறைகள் சீக்கிரம் நிரம்பிவிடுமாம். புளியறை வழியாகத் திருவனந்தபுரம் போய், அங்கிருந்து விமானத்தில் மும்பை, பிறகு வாடகைக் கார் என்று அவள் வழி பிடித்தாள். எந்த அறை என்பதில் சண்டை போட்டோம். அவளுக்கு ஏரி பார்த்த அறை வேண்டும், எனக்குக் கொடி பார்த்த அறை. கடைசியில் நான் ஜெயித்தேன். விடுதிக்குப் போன் செய்து பேசியதும் நானே. எடுத்த பெண் இங்கிலீஷில் மரியாதையாகப் பேசினாள். ஏதாவது விசேஷத்துக்காக வருகிறீர்களா என்று கேட்டாள். "ரிடையர்மென்ட்" என்றேன். "கங்கிராஜுலேஷன்ஸ் மேடம்" என்றாள். எங்கள் தெருவில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. என் பென்ஷன் காசில், என் பெயரில், என் போன் நம்பரைக் கொடுத்து அறையைப் பதிவு செய்தேன்.

வீட்டுக்காரரிடம் அன்று சாயங்காலமே சொன்னேன். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"ஒயினா?"

"ஒயினும்தான். தோட்டம், ஏரி எல்லாம் இருக்கு."

மடித்த செய்தித்தாளை மறுபடி விரித்தார். பிறகு, "போயிட்டு வா. ஆனா வெளிய எவன்ட்டயும் சொல்லிக்கிடாத" என்றார். அதை அவர் அனுமதி என்று நினைத்துக்கொண்டார். நான் கேட்டது அனுமதி இல்லை. ஆனாலும் சண்டை வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

வெளியே சொல்லாதே என்றவர், சீசனுக்கு வந்த தம்பியிடம் முதல் நாளே மாடியில் வைத்துச் சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் இட்லித் தட்டை நான் மேஜையில் வைக்கும்போது கொழுந்தன் கூட்டாளிகளைப் பார்த்துக் கண்ணடித்தான்.

"மதினி ஒயின் குடிக்க நாசிக் போறாவளாம்டே."

எல்லாரும் சிரித்தார்கள். முந்தின நாள் குடித்த வாடை ஒவ்வொருத்தன் வாயிலும் அப்படியே இருந்தது. ஒருத்தன், "நம்ம ஊர்ப் பொம்பளைங்க எங்கயோ போயிட்டாங்கப்பா" என்றான். என் வீட்டுக்காரர் சட்னியைப் பார்த்தபடி இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தார்.

"தமாஷுக்குச் சொல்லுதேன் மதினி, கோவிச்சுக்கிடாதீய" என்றான் கொழுந்தன். "ஆனா ரெண்டு பொம்பளையாளுக தனியா அவ்வளவு தூரம் போறது சரியில்ல. நான் பாத்துக்கிடுதேன்."

"நீங்க ஒண்ணும் பாக்க வேண்டாம் தம்பி. எல்லாம் முடிச்சாச்சு" என்றேன். அவன் இன்னும் இரண்டு இட்லி கேட்டான். அதோடு பேச்சு முடிந்தது என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். அவர்கள் குளித்துவிட்டு வந்து மாடியில் காற்று வாங்கிக்கொண்டிருந்தார்கள். உலையில் அரிசி கொதித்துக்கொண்டிருந்தது. மசாலா தடவிய மீன் தட்டில் இருந்தது, எண்ணெயும் காய்ந்துவிட்டது. போன் அடித்தது. கையைத் துடைத்துவிட்டு எடுத்தேன். விடுதியிலிருந்து அதே பெண்.

உங்கள் வேண்டுகோளின்படி அறையை மாற்றிக் கொடுக்க முடியும் என்றாள். என்ன வேண்டுகோள் என்றேன். தோட்ட அறைக்குப் பதிலாகத் தனி வில்லா. உங்கள் குடும்பத்தார் பேசினார்கள், எல்லாருமாக வருகிறீர்களாம். பதிவு உங்கள் பெயரில் இருப்பதால் நீங்கள் சரியென்று சொல்ல வேண்டும் என்றாள். அதோடு விட்டிருந்தால்கூட எனக்கு விளங்க நேரமாகியிருக்கும். அவள் சந்தோஷமாக மேலே சொன்னாள்: "நீங்கள் கேட்ட மாதிரியே அதில் முழுச் சமையலறை இருக்கிறது மேடம். உங்களோடு வருகிற அம்மாதான் வீட்டுச் சாப்பாடு சமைப்பார் என்று சார் சொன்னார். பெரிய பாத்திரங்கள் நாங்கள் ஏற்பாடு செய்துவிடுகிறோம்."

'அம்மா' என்று அவன் என்னைத்தான் சொல்லியிருக்கிறான். வீட்டு வேலைக்கு ஓர் அம்மா கூட வருகிறாள் என்று அந்தப் பெண் புரிந்துகொண்டிருந்தாள். அவள் மேல் தப்பில்லை. அவன் சொன்னதை அவள் சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறாள்.

என் காது மடல் இரண்டும் கொதித்தன. ஆனால் பேச்சுத் தடுமாறவில்லை. "டூ லேடீஸ். ஒன்லி டூ. சேம் ரூம்" என்றேன். "நோ கிச்சன். சமையலறை பக்கத்தில்கூட இருக்கக் கூடாது. இனிமேல் என் குரலைத் தவிர வேறு யார் பேசினாலும் கேட்காதே." அவள் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டாள். நீ எதற்கம்மா மன்னிப்புக் கேட்கிறாய் என்று சொல்லிவிட்டு வைத்தேன். இரண்டு அடுப்பையும் அணைத்தேன். அரிசி அரைவேக்காட்டில் நின்றது.

மாடிக்கு ஏறினேன். கொழுந்தன் சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் என் வீட்டுக்காரர். கூட்டாளிகள் சீட்டுக் கலைத்துக்கொண்டிருந்தார்கள்.

"மீன் ஆயிட்டா மதினி?" என்றான்.

"நாசிக்குக்கு யாரு போன் பண்ணுனா?"

அவன் முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை. "அதுக்குள்ள சொல்லிட்டாங்களா? ஒங்களுக்கு சர்ப்ரைஸா வைக்கலாம்னு இருந்தேன். நாம எல்லாரும் சேந்து போறோம் மதினி. என் வீட்லயும் வருவா. அந்த ஊர்ச் சாப்பாடு நமக்கு ஒத்துக்கிடாதுல்லா? அதான் கிச்சன் இருக்க மாதிரி..."

"அங்க வந்தும் நான் ஒங்களுக்கு மீன் பொரிக்கணும்?"

"ஏன் அப்படிப் பேசுதிய? ஒங்க கைப் பக்குவம் யாருக்கு வரும்?"

இந்த ஒரு வாக்கியத்தை வைத்தே என்னை இத்தனை வருஷமும் அடுப்படியில் நிறுத்தியிருக்கிறார்கள். அதைக் கேட்டதும் எனக்கு வந்த ஆத்திரம் மாதிரி அதற்கு முன்பு வந்ததே இல்லை.

"என் கைப் பக்குவம் இன்னைக்கோட சரி" என்றேன். "குற்றாலத்துக்கு நீங்க வாரிய, குளிக்கிய, குடிக்கிய, ஒங்க பாட்டிலப் பொறுக்குதது நானு. ஒரு தடவ நான் போறேன்னா, அங்கயும் என்னைய அடுப்பு முன்னால நிறுத்தணும்னு ஒங்களுக்கு எப்படித் தோணுச்சு? நான் குடிக்கப்போறது ஒரு கிளாஸ் ஒயின். அதுக்கு ஊரே சிரிக்கி. நீங்க குடிச்சது எத்தன சாக்குன்னு சாமான் எடுக்கவர்ட்ட கேளுங்க."

சீட்டுக் கலைத்தவன் கை நின்றுபோனது. கொழுந்தன் அண்ணனைப் பார்த்தான். "என்னண்ணே இது?"

"ஏட்டி, மெதுவாப் பேசு. பக்கத்து வீட்ல கேக்கும்" என்றார் என் வீட்டுக்காரர்.

"கேக்கட்டும். அந்த விடுதி போன் நம்பர் இவங்களுக்கு எப்படிக் கிடைச்சது? என் போன எடுத்துக் குடுத்தது நீங்கதான?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கூட்டத்தில் ஒருத்தர், அவர்களில் மூத்தவர், "விடுங்கக்கா, மீன நாங்களே பொரிச்சுக்கிடுதோம்" என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு யோசனை அவர்களுக்கு வந்ததே அன்றுதான் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கீழே வந்து, ஒரு மாற்றுச் சேலையையும் துண்டையும் பையில் வைத்துக்கொண்டு செருப்பை மாட்டினேன். எங்கே போகிறேன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. தெருமுனையில் நின்று குற்றாலம் பஸ்ஸில் ஏறினேன்.

பேரருவியில் பெண்கள் பக்கம் நல்ல கூட்டம். வரிசையில் நின்று, வழுக்குகிற தரையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். முதல் அடி தோளில் விழுந்தபோது மூச்சு நின்றுவிட்டது. அப்புறம் தலையைக் கொடுத்தேன். அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்கிறவள் கத்தினாலும் கேட்காது. நான் கத்தினேன். கொழுந்தனைத் திட்டினேன், வீட்டுக்காரரைத் திட்டினேன், ஈரல் கேட்டவன், ஐஸ் கேட்டவன் ஒருத்தனையும் விடவில்லை. அதுவரை என் வாயில் வராத வார்த்தைகளெல்லாம் வந்தன. பக்கத்தில் நின்ற ஒரு பெண் என் வாய் அசைவதைப் பார்த்து, ஏதோ சுலோகம் சொல்கிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். விசில் ஊதி வெளியே வரச் சொல்லும்வரை நின்றேன்.

கோபமெல்லாம் தண்ணீரோடு போய்விட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். போகவில்லை. உடம்பு லேசானது, பசித்தது, அவ்வளவுதான். கடைவீதியில் சூடாக மிளகாய் பஜ்ஜி வாங்கித் தின்றேன். ஈரத் தலையோடு பஸ் ஏறிச் செங்கோட்டைக்குச் சிநேகிதி வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவள், "அந்த ஆளு என்னையும் சேத்து வில்லாவுல போட்டானாட்டி? தேங்கா திருவுததுக்கா?" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதேன்.

இருட்டுவதற்குள் வீடு திரும்பினேன். கார் இல்லை. அடுப்படியில் மீன் தட்டு அப்படியே இருந்தது, ஈ மொய்த்துக்கொண்டு. பரோட்டாப் பொட்டலங்கள் பிரித்தபடி மேஜையில் கிடந்தன. என் வீட்டுக்காரர் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"அவன் போயிட்டான். இனிமே இந்த வீட்டு வாசல மிதிக்க மாட்டேன்னு சொல்லிட்டுப் போறான். இப்பம் ஒனக்கு சந்தோஷமா?"

"ஆமா" என்றேன்.

அவர் அந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை. பிறகு வெகுநாள் எங்களுக்குள் பேச்சு வேண்டியதற்கு மட்டும்தான். சொந்தக்காரர்களிடம் கதை வேறு விதமாகப் பரவியது. குடிக்கப் போவதற்காகப் புருஷனின் கூடப்பிறந்தவனை வீட்டைவிட்டு விரட்டிவிட்டாள் என்று. வடகரையில் ஒரு கல்யாண வீட்டில் என் வயதுடைய ஒருத்தி பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "குடும்பத்துல ஒருத்தரு விட்டுக்குடுத்துத்தான் போகணும்" என்றாள். ஏன் எப்போதும் ஒரே ஆள்தான் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று அவளிடம் கேட்டேன். அவள் பாயசம் கேட்டுத் திரும்பிக்கொண்டாள்.

மாசியில் நாங்கள் இரண்டு பேரும் போனோம். காலைக் குளிரில் ஒரு பெண் காபியைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து அறைக்குள் வைத்துவிட்டுப் போனாள். நான் அதற்கு முன்பே எழுந்து உட்கார்ந்திருந்தேன், இந்த உடம்புக்கு வேறு பழக்கம் இல்லை. திராட்சையை மிதித்தோம். கணுக்கால் வரை சிவந்து, பிசுபிசுவென்று ஒட்டியது. ஒயின் சுவைக்கக் கொடுக்கிற இடத்தில் ஒரு பையன் கிளாஸைச் சுழற்றி மோந்து பார்க்கச் சொன்னான். வெள்ளை எனக்குப் பிடிக்கவில்லை, புளித்த மோர் மாதிரி இருந்தது. சிவப்பில் ஒன்று பிடித்தது. இன்னொரு கிளாஸ் கேட்டு வாங்கினேன். பக்கத்து மேஜையில் ஒருவர் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். உங்கள் வீட்டு ஆண்கள் வரவில்லையா என்று இங்கிலீஷில் கேட்டார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் சிநேகிதி மேஜைக்கடியில் என் கையை அழுத்தினாள். "அவங்க வீட்ல சமைக்கிறாங்க" என்று இங்கிலீஷிலேயே சொன்னேன். அவர் அதைத் தமாஷாக எடுத்துக்கொண்டார். அவர் மனைவி மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்தாள்.

திரும்பி வந்து ஒரு வாரம் கழித்து, துவைத்த துணிகளை நான் மடித்துக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஒரு சேலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

"எப்படி இருந்துச்சு?"

சொன்னேன். கொடி, ஏரி, கண்ணாடிச் சுவர், தொட்டி எல்லாம் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தவர், "என்னைய நீ கூப்பிடவே இல்லயே. கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன்" என்றார்.

அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. ஒரு நிமிஷம் எனக்கும் மனது இளகியது. "என் போன எடுத்துக் குடுக்காம இருந்திருந்தா கூப்பிட்டிருப்பேனோ என்னமோ" என்றேன்.

"தம்பி கேட்டான், குடுத்தேன்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். அது தப்பு என்று அவருக்கு அப்போதும் தெரியவில்லை. சேலையை அவர் கையிலிருந்து வாங்கி, மீதியை நானே மடித்து வைத்தேன்.